ஓட்டை இல்லாத விடை

என் புருஷன் மெர்வின் கணக்கு வாத்தியாராக இருந்தவன். போன குளிர்காலத்தில் ஹோபார்ட்டில் ஒரு டாக்டரம்மா அவனை உட்காரவைத்து, நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னாள். மடமடவென்று இரண்டு வரை இறங்கிவிட்டு, "மைனஸ்லயும் போகட்டுமா?" என்று கேட்டான். டாக்டரம்மா சிரித்தாள். அடுத்து, இன்று என்ன கிழமை என்று கேட்டாள். மெர்வ் என் முகத்தைப் பார்த்தான்.

மறதி நோய், ஆரம்பம்தான், போகப்போக மோசமாகும் என்று சொல்லி அனுப்பினாள். காரில் வரும்போது நான் அழவில்லை. கிழமை போனால் போகட்டும், கணக்கு இருக்கிறதே என்று ஒரு நப்பாசை.

நானும் கணக்கு டீச்சர்தான். மாநிலப் பள்ளிகளுக்கு நடக்கும் கணக்குப் போட்டிக்கு வினா தயாரிக்கும் குழுவில் நாங்கள் இருவரும் இருக்கிறோம். ஒவ்வொரு ஜூலையிலும், இங்கே குளிர்காலத்தில், லான்செஸ்டனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் புது வினாக்கள் வரும். எண்ணிச் சொல்வது, வாய்ப்பு, நிரூபணம் எல்லாம் கலந்து இருக்கும். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பேனாவால் போடுவோம். அழிக்கக் கூடாது. பிறகு தாளை மாற்றிக்கொண்டு, ஒருவர் விடையில் இன்னொருவர் ஓட்டை தேடுவோம். ஓட்டை இருந்தால் விடவே கூடாது. கல்யாணத்துக்கு முன்னால், ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் என் நிரூபணத்தில் ஓட்டை என்று சொன்னவன் இவன். ஒரு வாரம் அவன் முகத்தில் முழிக்கவில்லை. அப்புறம் அவனையே கட்டிக்கொண்டேன். என் புத்தி!

இந்த வருஷம் வினாக்கள் வந்ததும் அவன் சொன்னான்: "இங்க பாரு நோலீன். என்னைக்கு நீ காட்டியும் என் ஓட்டை எனக்குத் தெரியலையோ, அன்னைக்குச் சொல்லிடு. குழுவ விட்டுடறேன். என் தப்பால எந்தப் பிள்ளைக்கும் மார்க் போகக் கூடாது."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"ஆறுதல் சொல்லாத, கிழவி. சொல்வியா மாட்டியா?"

"சொல்றேன்."

அந்தக் குழுவைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் மிச்சமில்லை. கார் ஓட்டுவதை டாக்டரம்மா நிறுத்திவிட்டாள். நண்பர்கள் வந்தால் பெயர் தெரியாமல் விழிக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆட்டுக்கறி சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்தோம். அவன் விறகு அடுப்புப் பக்கம், நான் சமையலறை மேஜையில். வெளியே ஆற்றுப் பனி இன்னும் கலையவில்லை. அரை மணி நேரத்தில் தன் தாளை நீட்டி, என் தாளை வாங்கிக்கொண்டான்.

முதல் கணக்கு, இரண்டு பகடைகளை உருட்டினால் ஒன்றிலாவது ஆறு விழ என்ன வாய்ப்பு என்பது. ஆறு விழாமலே போகும் வாய்ப்பைக் கண்டுபிடித்து ஒன்றிலிருந்து கழித்திருந்தான். முப்பத்தாறில் பதினொன்று. இரண்டே வரி. அடுத்தது, எந்தக் கூட்டத்திலும் ஒரே எண்ணிக்கையில் ஆட்களைத் தெரிந்த இரண்டு பேராவது இருப்பார்கள் என்று நிரூபிப்பது. அதை அவ்வளவு அழகாக எழுதியிருந்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும் என்றுகூட நினைத்தேன்.

மூன்றாவது கணக்கு மிகச் சாதாரணம். தன்னார்வத் தீயணைப்புப் படையில் ஐந்து ஆண்கள், நான்கு பெண்கள். வண்டியில் மூன்று பேர் போக வேண்டும், ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். எத்தனை விதமாக அனுப்பலாம்? மெர்வ் எழுதியிருந்தான்: முதலில் ஒரு பெண்ணை எடு, நான்கு வழி. மீதி எட்டுப் பேரில் யாராவது இருவர், இருபத்தெட்டு வழி. பெருக்கினால் நூற்றுப் பன்னிரண்டு.

வருஷா வருஷம் முதல் வாரத்திலேயே பிள்ளைகள் செய்யும் தப்பு இது. அந்தப் பெண்களில் இருவர் ஷீலா, ரூத் என்று வைத்துக்கொண்டால், ஷீலாவை எடுத்து அப்புறம் ரூத்தைச் சேர்த்தாலும், ரூத்தை எடுத்து அப்புறம் ஷீலாவைச் சேர்த்தாலும் வண்டியில் போவது அதே ஆட்கள்தான். அதை இரண்டு தடவை எண்ணிவிட்டான். மொத்த வழிகளிலிருந்து பெண்ணே இல்லாத பத்தைக் கழித்தால் எழுபத்து நான்கு என்று வந்திருக்கும். பகடைக்குக் கழிக்கத் தெரிந்தவனுக்கு இதில் தெரியவில்லை. அதைவிடக் கொடுமை, நிபந்தனையே இல்லாமல் ஒன்பது பேரில் மூன்று பேரை எப்படி எடுத்தாலும் மொத்தம் எண்பத்து நான்கு வழிதான். இருப்பதற்கு மேல் எண்ணியிருக்கிறான். கீழே இரண்டு கோடு போட்டு முடித்தும் வைத்திருக்கிறான்.

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான்.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றான்.

"எல்லாம் சரியா இருக்கு, மெர்வ்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அவன் என் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான். "ஒரு கமாவைக் கூட விடமாட்டியே நீ. எடுத்ததும் சரின்னு என்கிட்ட நீ சொன்னதே கிடையாது."

"இன்னைக்குச் சொல்றேன்."

"அவ்வளவு மோசமாவா இருக்கு?"

தன் தாளை என்னிடமிருந்து வாங்கி, வரிக்கு வரி விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை படித்தான். மறுபடியும் படித்தான். நூற்றுப் பன்னிரண்டைத் தாண்டி விரல் சும்மா போனது.

"எனக்குத் தெரியல," என்றான். "எங்கேன்னு காட்டேன்."

காட்டினேன். ஷீலா, ரூத் என்று பெயர் எழுதி, அம்புக்குறி போட்டு, இரண்டு பக்கமிருந்தும் ஒரே வண்டிக்குக் கொண்டுவந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"ஆமா, ஆமா. சரிதான்," என்று தலையாட்டினான்.

டீச்சர் விட்டால் போதும் என்று புரியாத பிள்ளைகள் ஆட்டுகிற தலை அது. வகுப்பில் யாராவது அப்படி ஆட்டினால் நான் விடமாட்டேன். எங்கே, நீ சொல்லு பார்ப்போம் என்று எழுப்பி நிறுத்துவேன். இவனிடம் கேட்கவில்லை.