கடற்கரைக்குப் போன நாற்காலி

லாத்திர் சேன் பொய் பேசிப் பழகாத மனிதர். அதனாலேயே, ஐம்பத்து நான்கு வயதில் துணிந்து சொன்ன ஒரே பொய் அவர் காலையே வாரிவிட்டது.

டக்கார் நகரத்தில் மெதீனா பேட்டைக்காரர், தையல்காரர். முப்பது வருடமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தே இருந்ததில், தொடை எது, துணிச் சுருள் எது என்று தெரியாத நிலை. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் நெற்றியைத் தரையில் வைத்தவர், எழ முடியாமல் அப்படியே கிடந்தார். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அவருடைய வரிசையின் ஓரத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. அக்கம்பக்கத்தார் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கியிருந்தார்கள். அந்த அன்புதான் அவரைக் கொன்றது.

எல்லோரும் குனிந்தபோது அவர் மட்டும் நாற்காலியில் நிமிர்ந்திருந்து, முன்வரிசை முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் நான்கு மாதத்தில், ஆடறுத்துக் கொண்டாடும் தபாஸ்கி பெருநாள். பேட்டை முழுக்கத் திடலில் கூடித் தொழும். அன்றைக்கு இந்த நாற்காலி இல்லாமல், மற்றவர்களோடு தரையில் தொழுது தானாகவே எழ வேண்டும். இதைத் தவிர அவர் வேறெதையும் கேட்கவில்லை.

டாக்டர் முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, "மூட்டுல ஒண்ணுமில்ல. அதைத் தாங்குற சதைதான் வேலைய விட்டுட்டுப் போயிருச்சு. போய் ஓடியாடுங்க" என்றார்.

சாயங்காலம் ஆனால் பாதி நகரம் கடற்கரையில்தான் ஓடியாடும். தெரிந்த முகம் கண்ணில் படக்கூடாதென்று லாத்திர் ஊரின் மறுகோடிக் கடற்கரைக்குப் போனார். அங்கே மணலில் கயிற்று ஏணியைப் படுக்கப் போட்டு, ஒரு கூட்டம் கட்டத்துக்குக் கட்டம் காலை மாற்றி மாற்றித் தாவிக்கொண்டிருந்தது. சிலர் லாரி டயரைப் புரட்டினார்கள். விசில் ஊதிக்கொண்டிருந்தவள் பழைய ஹேண்ட்பால் வீராங்கனை. முப்பது வயது. பெயர் அலிமத்து பாஜி.

பாஜி என்றதுமே லாத்திர் ஓர் அடி பின்வாங்கினார். பாஜி என்றால் தெற்கே கசமான்ஸ் பக்கத்து ஜோலாக்காரி, அரிசிச் சோற்றுக்காரி. சேன் என்றால் கம்பு தின்னும் செரேர். இந்த இரண்டு சாதி சனத்துக்கும் நடுவே எந்தக் காலத்திலிருந்தோ கேலி முறை உண்டு. பார்த்த இடத்தில் ஒருவரையொருவர் அடிமை என்பார்கள், சோற்று மூட்டை என்பார்கள். வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாமே தவிர, கோபிக்கக் கூடாது. மற்ற நாளாயிருந்தால் லாத்திர் அவளை ஒரு கை பார்த்திருப்பார். இந்த முட்டியை வைத்துக்கொண்டு, இத்தனை பேர் நடுவில் ஒரு பாஜி வாயில் விழுவதா? அவள் அவர் பெயரைக் கேட்டபோது, இந்தக் கேலி முறைக்குள் வராத வேறொரு குலப்பெயரை எடுத்துவிட்டு, "சில்லா" என்றார்.

பலன் உடனே கிடைத்தது. மரியாதையோ மரியாதை.

"சில்லா அப்பா, நீங்க அந்தக் கல்லுல உக்காருங்க. இந்தத் தண்ணி பாட்டில மட்டும் தூக்கித் தூக்கி இறக்குங்க" என்றாள் அலிமத்து.

"நானும் ஏணில தாண்டிப் பாக்கவாம்மா?"

"எதுக்குப்பா சிரமம்? நீங்க வந்ததே எங்களுக்குப் பெருமை."

முட்டியைக் கொஞ்சம் மடக்கினால் போதும், பத்துப் பேர் "அப்பா, பாத்து" என்று ஓடி வருவார்கள். இரண்டு மாதம் இப்படியே போனது. பெருநாள் நெருங்க நெருங்கத் தையல்கடையில் துணி மலையாய்க் குவிய, வாடிக்கையாளர்கள் வாய்க்கு வந்தபடி திட்ட, அவர் தினமும் ஐந்து மணிக்கு மெஷினை மூடிவிட்டு வந்து கல்லில் உட்கார்ந்து பாட்டில் தூக்கினார். பள்ளிவாசலில் ஒரு நாற்காலி, கடற்கரையில் ஒரு கல். மனிதர் வெறுத்தே போனார்.

அன்று கரையோரமாக ஓடிக்கொண்டிருந்த ஒருவன் சட்டென்று நின்றான். அந்த ஊரில் குலப்பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் வணக்கம்.

"சேன், சேன். லாத்திர் சேன், இங்க காத்து வாங்கிட்டு இருக்கீங்களா? கடைக்கு நாலு தடவ நடந்துட்டேன், என் அங்கி எப்பய்யா முடியும்?"

அலிமத்துவின் வாயிலிருந்து விசில் நழுவி விழுந்தது. மெதுவாக நடந்து வந்து கல்லுக்கு முன்னால் நின்றாள்.

"சேனா?"

லாத்திர் கடலைப் பார்த்தார்.

"ரெண்டு மாசம். ரெண்டு மாசமா ஒரு செரேர்காரனை அப்பா அப்பான்னு கூப்பிட்டிருக்கேன். எங்க ஊருக்குத் தெரிஞ்சா என்னைத் தள்ளி வெச்சிருவாங்க. எழுந்திருடா, கம்பு தின்னி. அது எஜமானி உக்கார்ற இடம்."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. லாத்திர் கல்லில் கையூன்றி எழுந்தார். அவள் கால்மேல் கால் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டாள்.

"அரிசி மூட்டை உக்காந்தா கல்லு தாங்குமா?" என்றார் லாத்திர். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் குரல் அவர் குரலாக இருந்தது.

"வாய் மட்டும் நல்லா ஓடுது. காலும் ஓடுதான்னு பாப்போம். ஏணிக்குப் போ."

மூன்றாவது கட்டத்திலேயே கயிறு காலில் மாட்டி முகம் மணலில் பதிந்தது. இருவர் ஓடி வந்தார்கள். அலிமத்து கையை நீட்டித் தடுத்தாள்.

"யாரும் தொடக்கூடாது. அடிமையைத் தூக்கிவிடுற பழக்கம் எங்க வீட்டுல இல்ல. ஒரு காலை முன்னாடி வை. குதிகாலை அமுக்கு. இன்னிக்கு முடியலைன்னா அங்கயே தூங்கு, அலை வந்து எழுப்பும்."

லாத்திர் புரண்டார். ஒரு காலை முன்னே வைத்தார். முட்டி நடுங்கியது, மறுபடி சாய்ந்தார், மறுபடி வைத்தார். யாரும் வரவில்லை. எழுந்து நின்றபோது வாயெல்லாம் மணல், கண்ணில் நீர். வலியால் வந்த நீரில்லை. தன்னால் முடியும் என்று நம்பி ஒருத்தி தன்னைத் திட்டிவிட்டாள் என்ற சந்தோஷம் அது.

அதன் பிறகு இரக்கமே கிடையாது. மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும், பாட்டில்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட வேண்டும். டயரைப் புரட்ட முடியாத நாளில், "டயர்ல கம்பங்களி கட்டி வெச்சாத்தான் செரேர்காரன் புரட்டுவான்" என்பாள். "ஜோலாக்காரி அதைப் புரட்டாம முழுங்கிருவா" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வார். வீட்டுப் படியில் பாதி ஏறும்போதே முட்டி கோபித்துக்கொள்ளும் நாட்களும் இருந்தன. ஆனால் ஏணியில் கட்டங்கள் கூடிக்கொண்டே போயின.

தபாஸ்கி காலை. யாரோ மறக்காமல் அந்த வெள்ளை நாற்காலியையும் திடலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். லாத்திர் அதைத் தாண்டிப்போய் இரண்டாவது வரிசையில் நின்றார். நெற்றி மண்ணில் பட்டது. எழ வேண்டிய நேரம் வந்தபோது இடது முட்டி நடுங்கியது. இரண்டு பக்கமும் கைகள் தயாராவது தெரிந்தது. காதுக்குள் அவள் குரல் கேட்டது: குதிகாலை அமுக்குடா, கம்பு தின்னி. தொழுகையில் சிரித்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்தார். யார் கையும் தேவைப்படவில்லை. நிமிர்ந்தபோது இரண்டு பக்கத்துத் தோள்களும் அவர் தோளை உரசிக்கொண்டிருந்தன.

மறுநாள் சாயங்காலம், ஒரு கையில் ஆட்டுத்தொடை, தலையில் கவிழ்த்த அந்த வெள்ளை நாற்காலி என்று கடற்கரைக்கு வந்தார். எல்லோருக்கும் முன்னால் நாற்காலியை மணலில் இறக்கி வைத்தார்.

அலிமத்து அதைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். அதன் காலை ஆட்டிப் பார்த்தாள்.

"இது உன்னுதா?"

"இருந்துச்சு."

அவள் ஆட்டுத்தொடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து விசிலை எடுத்தாள்.

"எஜமானிக்கு நாற்காலி கொண்டாரணும்னு இப்பத்தான் புத்தி வந்திருக்கு. பெருநாள் கறி தின்னது போதும். ஏணிக்குப் போ, சேன்."