பத்தாம் தேதிப் பிடித்தம்

வங்கிப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "மாசாமாசம் சேமிப்புக்குப் போற பணத்தை நிறுத்தணும்னா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும் சார். உங்க மனைவியையும் கூட்டிட்டு வாங்க."

ரூடி மேசைமேல் குனிந்தான். "நாளைக்குப் பத்தாம் தேதி. என் கணக்குல பணம் இல்லன்னா என்ன ஆகும்?"

"சேமிப்புக் கணக்குல முதல் பேரு அவங்களோடது. இந்த மாசம் பணம் வரலன்னு அவங்க ஃபோனுக்கு மெசேஜ் போகும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். பதினோரு வருடமாக மாதம் நூற்றைம்பது யூரோ, சம்பளம் வந்த கையோடு, கேட்காமல் கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதில் மனைவி ஸ்டாங்கா செய்த ஏற்பாடு. "கண்ணுல பட்டாத்தானே செலவு பண்ணுவோம்" என்றாள். சேர்ந்த இருபதாயிரத்தை முன்பணமாகக் கொடுத்து, வரும் வசந்தத்தில் மரிபோரிலேயே சொந்தமாக இரண்டறை வீடு வாங்குவதாக இருந்தார்கள். பட்டறையில் வேலை போய் ஆறு வாரமாகிவிட்டதை மட்டும் அவன் சொல்லவில்லை. தினமும் அவள் கட்டிக்கொடுத்த ரொட்டியோடு கிளம்பி, பேருந்து நிலையத்தில் உட்கார்ந்துவிட்டு, ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு வீடு திரும்பினான். போன மாதப் பணம் கடைசிச் சம்பளத்தின் மிச்சத்தில் எப்படியோ போயிருக்கும் என்று நம்பிக்கொண்டான். கணக்கைத் திறந்து பார்க்கவே பயம்.

மெசேஜ் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும். டிராவா ஆற்றுப் பாலத்தில் இரண்டு முறை போய்த் திரும்பி, மூன்றாம் முறை கடந்தான். ஸ்டாங்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குள் நுழைந்தான்.

"என்ன ரூடி, பொண்டாட்டி மூஞ்சியப் பாக்காம சாயங்காலம் வரைக்கும் தாங்கலயா?" இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மில்கா சிரித்தாள்.

ஸ்டாங்கா சிரிக்கவில்லை. அவனைக் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துப் போனாள்.

"எனக்கு வேலை போயிடுச்சு" என்றான்.

"தெரியும்."

நீராவி இரைந்தது.

"போன மாசமே மெசேஜ் வந்துச்சு. பட்டறைக்கு ஃபோன் பண்ணேன், சொன்னாங்க. என் சைக்கிள் ரிப்பேருக்குப் போயிருக்குன்னு உங்கிட்டச் சொன்னேன்ல? அதை வித்துத்தான் அந்த மாசப் பணத்தைக் கட்டினேன்."

"ஏன்டி எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவியே. உன் வாயால அதைக் கேக்கப் பயமா இருந்துச்சு. நாளைக்குக் கட்ட எங்கிட்டயும் எதுவும் இல்ல."

கூடத்தின் மறுமுனையிலிருந்து மேற்பார்வையாளர் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். அவள் கூடையிலிருந்து சூடான படுக்கை விரிப்பொன்றை உருவி, ஒரு முனையை அவன் கையில் கொடுத்தாள். இருவரும் எதிரெதிரே நின்று இழுத்துப் பிடித்தார்கள். நடுவில் துணி நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த நடுக்கம் யாருடைய கையிலிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.