முன்சக்கரத்துச் சத்தம்

கீச்சென்று முன்சக்கரத்தில் எழுந்த சத்தம் மலைச்சரிவில் மோதித் திரும்புகிறது, இடப்பக்கச் சீட்டில் குழந்தைவேலுவின் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிக்கிறது, சர்க்கரை நோய் அவன் கண்ணைக் கொண்டுபோய் நாளாயிற்று, காலுக்கு மட்டும் அது இன்னும் தெரியாது, ஓட்டுகிறவள் அவன் மனைவி மாதேஸ்வரி, பின்சீட்டில் ஏற்காட்டு லாட்ஜ்காரர் முதன்முதலாக நம்பி அனுப்பிய தம்பதி, இவர்கள் முகம் சுளித்தால் இனி அங்கிருந்து சவாரி வராது, மறுபடி கீச், இதே மலையில் டாக்ஸி ஓட்டியவனுக்குத் தெரியாத சத்தமா, மழைக்கு மறுநாள் துருவேறிய பிரேக் டிஸ்க் நாலு மிதியில் வாயை மூடிக்கொள்ளும், அதைக் கவ்வும் பேட் தேய்ந்தால் கீச்சிடும், அப்போதும் கேளாதவனுக்கு இரும்போடு இரும்பு கரகரக்கும், கண் இருந்த காலத்தில் அப்படி ஒருநாள் கரகரக்க இறங்கி வருகிறான், ஸ்டியரிங் அவன் கையில்தான் இருக்கிறது, பெடல் தரைவரை போகிறது, மண்மேட்டில் வண்டியைச் சாய்க்கிறான், அந்த வியர்வை இப்போது கழுத்தில் வழிகிறது, பேடு போச்சு மாதேசு, கீழ எறக்காத, ஓரங்கட்டு, என்று கத்துகிறான், என்னங்க சத்தம், பயமா இருக்கே, என்கிறாள் பின்னாலிருக்கும் அம்மாள், மாதேஸ்வரி பதறவில்லை, கொஞ்சம் இருங்க, பிரேக்குல நான் காலே வெக்கல, இப்பக் கேளுங்க, என்கிறாள், கேட்கிறான், சக்கரம் சுற்றச் சுற்றக் கீச், கீச், அட, பேட் என்றால் கால் வைத்தால்தானே கத்தும், அவள் கால் இருக்கும் இடம் அவன் காதுக்கு எப்படித் தெரியும்.

அகலமான இடம் பார்த்து நிறுத்தினாள், கல் அண்டக்கொடுத்தாள், ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினாள், டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினாள், ணங்கென்று ஏதோ விழுந்தது, அதை அவன் உள்ளங்கையில் வைத்தாள், வட்டமாய், குங்குமம் பிசுபிசுக்க ஒரு காசு, நேற்று ஆயுத பூசை, வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய், ஒத்தக் காசு போதும்னு சொன்னேங்க, வண்டி என் பேருல வந்த சந்தோசத்துல கைநெறைய அள்ளிப் போட்டீங்க, ஒடச்சதுக்கு மேலயே வண்டிய ஏத்தச் சொன்னீங்க, என்று அவள் சிரிக்கிறாள், அவனும் வயிறு குலுங்கச் சிரிக்கிறான், பின்சீட்டுப் பக்கம் திரும்பி, ஓட்டறது எம் பொண்டாட்டிங்க, பயப்படாம உக்காருங்க, என்கிறான், யாரும் கேட்காமலே இன்னொருமுறையும் சொல்கிறான்.

சக்கரத்தை மாட்டியதும் வண்டி இறங்குகிறது, காற்றில் மிளகுக்கொடி வாசம், உடம்பு ஒருபக்கம் சாய்வதில் வளைவு வந்துவிட்டது தெரிகிறது, அவள் பிரேக் போடுகிறாள், சத்தமே இல்லை, அவனுடைய வலது கால் வைத்த இடத்திலேயே இருக்கிறது.