காலண்டர் மூலையில் ஒரு கட்டம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது சிவகாசியில் எங்கள் பிரஸ்ஸுக்கே தெரியும். அதனால்தான் அழகுமீனா என் மேஜைப் பக்கம் வந்தும், சொல்ல வந்ததைச் சொல்லாமல் நின்றாள். அவள் பைண்டிங்கில் காலண்டருக்குத் தகரம் அடிப்பவள். நான் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். நான்கு நாள் லீவுக்குப் பிறகு அன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள்.

"என்னடி, வாயில கொளுக்கட்டையா?" என்றேன்.

"பாப்பா கையில கொதிக்கிற கஞ்சி கொட்டிருச்சு முஹ்சினாக்கா. நம்ம காலண்டர்ல இருக்குற கட்டத்தப் போன்ல காட்டுனேன். சீட்டு வெளையாட வாங்கன்னு வருது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பல்லு வெளக்குற பேஸ்ட்ட எடுத்து அப்பிட்டேன். ஆஸ்பத்திரியில அதச் சொரண்டி எடுக்கையில பிள்ள அலறுன அலறு இருக்கே..."

"வெப்சைட் கம்பெனிக்காரன் என்னத்தையோ செஞ்சு தொலைச்சிருப்பான். நாசமாப் போறவன்" என்றேன்.

அந்தக் கட்டத்தைப் போட்டது நான்தான். லட்சுமிகாந்தம் அக்கா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தீக்காயம் பட்டால் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை என்ன செய்ய வேண்டும் என்று நான்கு தாளில் எழுதிக் கொண்டுவந்து, "பட்டாசு வேல நடக்குற ஊருல வீட்டுக்கு வீடு இது இருக்கணும்மா" என்றார். எங்கள் முதலாளி வெம்பக்கோட்டை, தாயில்பட்டிப் பக்கம் வருடாவருடம் மூவாயிரம் காலண்டர் இலவசமாகக் கொடுப்பார். அக்கா எழுதியதை முழுதாகப் போட்டால் டிசைன் கெட்டுவிடும் என்று நான் ஒரு வெப்சைட் செய்து, காலண்டர் மூலையில் கியூஆர் கட்டம் மட்டும் வைத்தேன். அவர் எழுதிய தாள்கள் டைப் அடித்த அன்றே வேஸ்ட்டோடு எடைக்குப் போயின. அக்கா போன வருடம் இறந்துவிட்டார்.

அழகுமீனா போனதும் என் பழைய மெயிலைத் திறந்தேன். தீபாவளி ஆஃபர்களுக்கு அடியில் வெப்சைட் கம்பெனியின் ஏழு கடிதங்கள் கிடந்தன. வெப்சைட் பெயருக்குப் பணம் கட்டிப் புதுப்பியுங்கள், புதுப்பியுங்கள் என்று கெஞ்சியிருந்தார்கள். கெடு முடிந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. நாசமாய்ப் போகிறவள் நான்தான்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். கெடு தாண்டினால் அந்தப் பெயரில் விளம்பரம்தான் வரும், முப்பது நாளுக்குள் கட்டினால் பெயர் திரும்பக் கிடைக்கும், ஆனால் பக்கங்களை அழித்தாயிற்று என்றார்கள். அப்போதே பணம் கட்டிப் பெயரை மீட்டேன். வேறு பெயர் உதவாது. மூவாயிரம் சுவரில் டிசம்பர் வரை தொங்கப்போவது அந்தக் கட்டம்தான். அதை யாராவது பதறிப்போய்க் காட்டும்போது அக்காவின் எழுத்து வர வேண்டும். அதில் ஒரு வரிகூட என்னிடம் இல்லை.

பழைய இணையப் பக்கங்களைச் சேர்த்துவைக்கிற ஆவணத் தளம் ஒன்று உண்டு. அதில் எங்கள் முகவரியைப் போட்டுவிட்டு, அல்லாஹ்வே என்று உட்கார்ந்திருந்தேன். போன பங்குனியில் எடுத்துவைத்த நகல் வந்தது. படங்கள் போயிருந்தன, எழுத்து அப்படியே இருந்தது. 'பதறாதே தாயி. முதலில் தண்ணீர்க் குழாயைத் திற' என்று அக்கா ஆரம்பித்திருந்தார். அதைப் படித்ததும் அழுதுவிட்டேன்.

நான்கு பக்கத்துக்கு வருட வாடகை கொடுத்து இத்தனை நாள் இணையத்தில் பெரிய இடம் எடுத்திருந்தேன். ஒரு ஆள் படுக்கக் கல்யாண மண்டபம் பிடித்த மாதிரி. வெறும் எழுத்துப் பக்கங்களை இலவசமாகவே வைக்க இடம் இருக்கிறது. அங்கே ஏற்றி, நம் பெயரை அதற்குத் திருப்பிவிட்டால் போதும். பெயருக்கு மட்டும் வருடம் ஒருமுறை கட்ட வேண்டும். ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை தாயில்பட்டிக்குப் போய், அழகுமீனா வீட்டுக் காலண்டரிலேயே போனைக் காட்டிப் பார்த்தேன். வந்துவிட்டது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் அனுப்பிரியா, கையில் கட்டோடு போனை வாங்கிச் சத்தமாகப் படித்தாள். "இருபது நிமிடம் தண்ணீர் ஓடட்டும். வளையல், மோதிரத்தைக் கழற்று. பேஸ்ட், மை, மாவு எதையும் தடவாதே."

நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "நீ தடவுனியேம்மா."

அழகுமீனாவின் முகம் சுண்டிப்போனது. "எனக்குத் தெரியாதுல்ல தாயி."

"தப்பு உங்கம்மா மேல இல்ல" என்றேன். "என் மேல. நான் பணம் கட்ட மறந்துட்டேன்."

அழகுமீனா என்னையே பார்த்தாள். "அப்ப கம்பெனிக்காரன்?"

"பொய் சொன்னேன்டி."

அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். திட்டவில்லை. "பக்கத்து வீட்டு மாரிக்கண்ணன் அண்ணன்ட்ட பட்டன் போனுதான்க்கா. அங்கனயும் நம்ம காலண்டர்தான் தொங்குது. அந்தக் கட்டத்த வச்சு அவுக என்ன செய்வாக?" என்றாள்.

ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுக்கிற பிரஸ்ஸில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். எனக்கு அது தோன்றவே இல்லை.

மறுவாரம், பிரஸ்ஸில் லேபிள் அச்சடிக்கும்போது தாளின் ஓரத்தில் மிஞ்சும் இடத்தில் அக்காவின் முதல் பத்து வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்தோம். முதலாளியிடம் கேட்கவில்லை, சொன்னேன். வீடு வீடாக ஒட்ட அழகுமீனாவும் கூட வந்தாள். அவர்கள் வீட்டுத் தாளை மட்டும் யாரையும் தொட விடாமல் அனுப்பிரியாவே ஒட்டினாள், அடுப்புக்குப் பக்கத்தில், தன் கண்ணுக்கு நேரான உயரத்தில்.