கழுத்து வரைக்கும்

குழாய் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. டேங்க் நிறைந்துவிட்டது, இதற்கு மேல் வேண்டாம் என்று அது தானாகவே சொல்கிற சத்தம். பங்க்கில் பெட்ரோல் போடுகிற அம்மா குழாயை வெளியே எடுக்கப் போனார். நான் வழக்கம்போல "இன்னும் கொஞ்சம் பிடிக்கும்மா, போடுங்க" என்றேன். முன்பெல்லாம் இதற்கு அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, டக்குன்னா நிறுத்திடணும் சார், போர்டுலயே எழுதிப் போட்டிருக்கு என்பார். என்னிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம் என்று விட்டுவிட்டார். இப்போது பிடியை விரலால் அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தார். நான் வண்டியின் பின்பக்கம் போய், கூரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, காரை இடமும் வலமுமாக ஆட்டினேன். ஆட்டினால் உள்ளே தங்கியிருக்கிற காற்று குமிழியாக வெளியே வந்துவிடும். இன்னும் ஒரு லிட்டர் தாராளமாக இறங்கும். யாரும் சொல்லித் தந்ததல்ல, நானே கண்டுபிடித்தது. வரிசையில் நின்ற பைக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். வாய்க்கு ஒரு விரற்கடை கீழே பெட்ரோல் பளபளவென்று தெரிந்த பிறகுதான் மூடியைப் போட விட்டேன்.

காருக்குள் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். வண்டியோடு சேர்ந்து அவளும் ஆடினாள்.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்தி இரண்டேகால் வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொள்ள வேண்டும். போக வர நூறு கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் எட்டேகாலுக்கு அங்கே இருக்கலாம். முதலில் நர்ஸ் அவளை எடைமேடையில் நிறுத்துவார். போன தடவையைவிட எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவும் உடம்பில் தேங்கிய தண்ணீர். இரண்டு கிலோவுக்கு மேல் போனால் திட்டு விழும். அதனால் வீட்டில் அவளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் பாட்டில் தண்ணீர்தான், மாத்திரை விழுங்குவதும் அதிலேயே. பாட்டிலில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். "எனக்கு முக்கால் பாட்டில், உங்க வண்டிக்கு மட்டும் கழுத்து வரைக்கும்" என்று ஒரு தடவை சொன்னாள். அவள் கிண்டல் பண்ணுகிறாள் என்றால் அன்றைக்கு உடம்பு பரவாயில்லை என்று அர்த்தம். நானும் சிரித்துவைத்தேன்.

நான் முப்பத்தோரு வருடம் ஒரு மோட்டார் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். ஒரு போல்ட் இல்லை, ஒரு வாஷர் இல்லை என்று என் காலத்தில் ஒரு மெஷின் ஒரு மணி நேரம் நின்றதில்லை. அப்பேர்ப்பட்ட நான், வைத்தியம் ஆரம்பித்த மூன்றாவது மாதத்தில், திரும்பி வரும் வழியில், ஆற்றுப் பாலத்தின் நட்டநடுவில், உச்சி வெயிலில், பெட்ரோல் இல்லாமல் வண்டியை நிறுத்தினேன். பெட்ரோல் முள் கீழே கிடந்ததைப் பார்க்கவே இல்லை. அன்றைக்கு அவளுக்கு ரத்த அழுத்தம் இறங்கி, டாக்டர் ஓடிவந்து, கால்களைத் தூக்கி வைத்து ஏதேதோ நடந்திருந்தது. அந்தக் கலக்கத்தில் கிளம்பியவன். ஒன்றேகால் மணி நேரம், ஊசி குத்தின கையில் கட்டோடு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒருவர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கிவந்து கொடுத்தார். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும் கழுத்து வரைக்கும்தான். ஒரு டேங்க் ஐந்து தடவை போய்வரக் காணும், வாரத்துக்கு மூன்று தடவைதான் போகிறோம். அந்தக் கணக்கு எனக்குத் தெரியாததல்ல.

அவளுக்கு வாந்தி வருவது புதிதில்லை. ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினிலிருந்து எழுந்தால் வரும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஆனால் இந்த ஒரு வருடமாகப் போகும்போதே குமட்ட ஆரம்பித்துவிட்டது. ஏறியதும் கண்ணாடியை முழுக்க இறக்கிவிடுவாள். வெயிலோ மழையோ, லாரிப் புகையோ, இறக்கியது இறக்கியதுதான். துண்டை மூக்கில் பொத்திக்கொண்டு தலையை வெளியே நீட்டாத குறையாக உட்கார்ந்து வருவாள். புழுதியெல்லாம் உள்ளே வருகிறது, நோய் வாங்கின உடம்பு, இன்னொன்றையும் வாங்கிக்கொள்ளாதே என்று நான் கத்துவேன். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். ஒரு நாள் கோபத்தில் நானே கையை நீட்டி அவள் பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றினேன். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாகிவிட்டது.

அந்தப் புதன்கிழமை மாலை, வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, கட்டிலில் சாய்ந்த பிறகு சொன்னாள்.

"இந்த மாசத்தோட போதுங்க."

எது போதும் என்று நான் கேட்கவில்லை. வெளியூரில் இருக்கிற மகளிடம் முந்தின நாளே போனில் சொல்லியாயிற்று என்றாள். மகள் அழுதாளாம், பிறகு, அப்பாகிட்ட நீயே சொல்லு என்றாளாம். நிறுத்தினால் பத்து நாள், மிஞ்சிப் போனால் இரண்டு வாரம். இதை டாக்டர் ஆரம்பத்திலேயே எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். நான் ஏதேதோ பேசினேன். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்திருக்கிறோமே என்றேன். மகள் வரும்வரையாவது என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மெஷின்ல நாலு மணி நேரம் படுக்கறதுகூட பழகிடுச்சு. அந்த வண்டில ஏறணும்னு நெனச்சாத்தான் முந்தின நாளே வயித்தப் பெரட்டுது. முடியலங்க."

வண்டி என்றதும் நான் பிடித்துக்கொண்டேன். என் புத்தி எங்கே போகும்? பதினேழு வருடத்து வண்டி, குலுக்கல் தாங்கவில்லை என்று நினைத்தேன். மறுநாள் காலையில் முதல் ஆளாக மெக்கானிக் கடையில் போய் நின்றேன். அந்த மெக்கானிக்குக்கு எங்கள் பக்கத்தில் 'அரைவார்த்தை' என்று பெயர். எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டார். மீதியை நாம் போட்டுக்கொள்ள வேண்டும். பின்சக்கரத்து ஷாக் அப்சார்பர் நாலையும் மாற்றிவிடுங்கள் என்றேன். பின்னால் ரெண்டுதான், முன்னால்... என்றார். நாலையும்தான் மாற்றுங்கள் என்றேன்.

அவர் கதவைத் திறந்தார். உள்ளே தலையை விட்டவர் உடனே வெளியே எடுத்தார்.

"வாடை..."

பெட்ரோல் வண்டியில் பெட்ரோல் வாடை வராமல் ரோஜாப்பூ வாசனையா வரும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு உண்மையிலேயே அந்த வாடை தெரியவில்லை. ஸ்டோரில் முப்பத்தோரு வருடம் எண்ணெய், தின்னர், மண்ணெண்ணெய் நடுவில் உட்கார்ந்திருந்த மூக்கு, அது மூக்கே இல்லை.

"பங்க்ல 'டக்'குனப்புறம்..."

"போடுவேன். ஒரு லிட்டர், ஒன்றரை. ஆட்டினா இன்னும் கொஞ்சம்."

"ஆட்டி வேறயா" என்றார். அவர் வாயிலிருந்து முழு வாக்கியம் வந்தது அன்றைக்குத்தான். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய், கொஞ்ச நேரம் கழித்து ஒரு கறுப்பு டப்பாவோடு வெளியே வந்தார். அதைச் சாய்த்தார். கரித்தூளும் பெட்ரோலுமாகத் தரையில் சொட்டியது. டப்பாவுக்குள் இருப்பது கரி. டேங்க்கிலிருந்து கிளம்புகிற ஆவியை அது பிடித்து வைத்துக்கொண்டு, எஞ்சின் ஓடும்போது அதற்குக் கொடுக்கும். அதற்காகத்தான் டேங்க்கில் மேலே கொஞ்சம் காலி இடம் விட்டிருக்கிறார்கள், வெயிலில் பெட்ரோல் விரிவதற்கும் அந்த இடம் வேண்டும். அதையும் நிரப்பினால், ஆவி போகிற குழாயில் பெட்ரோலே போய்க் கரி ஊறிவிடும். ஊறினது எதையும் பிடிக்காது. ஆவியெல்லாம் வெளியேதான், அதில் பாதி வண்டிக்குள்ளேதான். இதைச் சொல்லி முடிக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று, பாதியை நான் சொன்னேன்.

கடைசியில் "உள்ள உட்கார்றவங்களுக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். என் மனைவியின் உடம்பு அவருக்குத் தெரியும். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் நின்றார்.

அங்கே கிடந்த டயரின் மேல் உட்கார்ந்தேன். வாரம் மூன்று நாள், ஒரு வருடம். நானே என் கையால் ஊற்றி, ஆட்டி, அவளை உள்ளே உட்காரவைத்து, கண்ணாடியை ஏற்று என்று கத்தியும் இருக்கிறேன். செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதற்கும் அடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தப்பு என்னுடையது என்றால் அதைச் சரிபண்ணிவிடலாம். அவள் உடம்புடையது என்றால் நான் என்ன செய்ய முடியும்? புது டப்பா சனிக்கிழமை வரும் என்றார் அரைவார்த்தை. குழாய்களையும் கழற்றிக் காயவைக்க வேண்டும். ஷாக் அப்சார்பர் வேண்டாமா என்று கேட்டார். அதையும் மாற்றிவிடுங்கள் என்றேன். அன்றைக்கு யார் எதைக் கேட்டாலும் சரி என்றிருப்பேன்.

வெள்ளிக்கிழமை வாடகைக் காரில் போனோம். நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, முன்னால் தொங்குகிற சின்னக் கண்ணாடியில், பின்சீட்டில் இருந்த அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். போகும்போது குமட்டவே இல்லை. துண்டு மடியிலேயே கிடந்தது. வெளியே வேடிக்கை பார்த்தாள், டிரைவரிடம் அவர் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். எனக்கு வாயெல்லாம் பல். திரும்பும்போது பாலம் தாண்டினதும் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி ஓரமாகக் குனிந்தாள். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். முன்பு மூன்று தடவை வாந்தி எடுப்பாள், அன்று ஒன்றோடு நின்றது. மூன்று ஒன்றானது நல்லதுதானே என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டேனே தவிர, அந்த ஒன்றுக்கு என்ன செய்வது என்று எந்த மெக்கானிக்கிடம் கேட்பது?

அன்று மாலை அவளிடம் சொன்னேன். டப்பா, கரி, ஆவி, எல்லாவற்றையும் சொல்லி, "எல்லாம் என்னாலதான்" என்றேன். அவள் மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள். "திங்கக்கிழமை போட்டா அன்னிக்கும் புதனுக்கும் ரொம்ப இருக்கும். வெள்ளிக்கிழமை கொஞ்சம் கொறையும். அதுக்குள்ள நீங்க மறுபடியும் போடுவீங்க."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. தெரிந்துகொண்டே ஒரு வருடம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாயா என்று கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அவள் மாத்திரை டப்பாவை மூடினாள்.

"பாலத்துமேல வண்டி நின்னுச்சே, அன்னிக்கு உங்க மூஞ்சிய நீங்க பாக்கல. நான் பாத்தேன். அதுக்கப்புறம் இந்த ரெண்டு வருஷத்துல, அந்த பங்க்ல நின்னு வண்டிய ஆட்டும்போது மட்டும்தான் உங்க மூஞ்சி கொஞ்சம் தெளிஞ்சிருக்கும். அத எப்படிங்க வேணாங்கறது?"

நான் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, வண்டி சரியாகிவிடும், இனிமேல் போகலாம்தானே, மாசக் கடைசி என்றெல்லாம் வேண்டாம்தானே என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவள் பாட்டிலைத் தூக்கிக் கோட்டைப் பார்த்தாள். அன்றைய தண்ணீரில் ஒரு மிடறு மிச்சமிருந்தது. அதைக் குடித்துவிட்டு, பாக்கலாம் என்றாள். அதற்கு மேல் அவளிடம் எதுவும் வாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலையில் எங்கள் வண்டியில் கிளம்பினோம். வாடை போய்விட்டதா என்று கேட்க எனக்குத் துணிவில்லை, நானாக மோந்து பார்க்கவும் வழியில்லை. ஏறியதும் அவள் பழக்கம்போலக் கண்ணாடியை முழுக்க இறக்கினாள். மாதம் முடிய அவளுக்கு இன்னும் நாலு தடவை இருந்தது. பங்க்கில் வண்டியை நிறுத்தினேன். அந்த அம்மா குழாயை மாட்டிவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். எண்கள் ஓடின. 'டக்.'

அவர் குழாயை எடுக்கவில்லை. விரலைப் பிடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பாலம் ஞாபகம் வந்தது. அதன் கைப்பிடிச் சுவர், அதில் நெளிந்த அனல், எல்லாம் வந்தது.

"போதும்மா" என்றேன்.

"போதுமா?"

"போதும்."

அப்போதுதான் பார்த்தேன், நான் வண்டியின் பின்பக்கம் வந்து நின்றிருந்தேன். கால் தானாக வந்திருக்கிறது. இரண்டு கையும் கூரையின் ஓரத்தைப் பிடித்திருந்தன. பின் கண்ணாடி வழியாக, உள்ளே முன்னால் தொங்குகிற சின்னக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலைக்கு மேலே இருக்கிற பிடியை ஒரு கையாலும், சீட்டின் விளிம்பை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, நான் ஆட்டப்போவதற்காகத் தயாராக உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் இப்படித்தான் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் அவள் முகத்தை இந்தப் பக்கத்திலிருந்து ஒரு நாளும் பார்த்ததில்லை, டேங்க்கின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையை எடுத்தேன். வண்டி அசையவில்லை. அந்த அம்மா மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது. பின்னாலிருந்து ஒரு பைக்காரர் ஹாரன் அடித்தார்.

அவள் கண்ணைத் திறந்தாள். மேலே பிடித்திருந்த கையை மெதுவாக விட்டாள். அது மடியில் கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு கதவுப் பக்கம் போய்க் கண்ணாடியின் கைப்பிடியைத் தொட்டது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. கண்ணாடி பாதிவரை ஏறி நின்றது. கையை அவள் எடுக்கவில்லை.