கண் மூடாத காவல்

இறால் பண்ணையை எங்களுக்கு விற்ற கொழும்புக்காரர் தன்னுடைய குட்டி நாயையும் விட்டுவிட்டுப் போனார். பூனையளவுதான் இருக்கும். என் கணவர் அன்ஸாருக்கு அதில் அத்தனை பெருமை. "ராவெல்லாம் கண் மூடாது. இத விடக் காவல் வேணுமா?" முந்தல் கடைத்தெருவில் யாரைக் கண்டாலும் இதே கதைதான்.

காவலாம். அது படுக்கும், தலையைத் தரையில் வைத்ததும் வீரிட்டுக்கொண்டு எழும்பும், பிறகு சுற்றிச் சுற்றி நடக்கும். கள்ளனைக் கண்ட நாய் சுவரைப் பார்த்துக்கொண்டா கத்தும்? நான் சொன்னால் அவர் காதில் ஏறாது. அது சாப்பாட்டையும் விட்ட பிறகுதான் கழுத்துப் பட்டியில் கயிற்றைக் கட்டி இழுத்து வேனில் ஏற்றினார். எங்கள் மார்க்கப்படி நாயின் ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணோடு. அதனால் எங்கள் வீட்டில் அதற்கு எல்லாமே கயிற்றால்தான்.

சிலாபத்தில் மிருக வைத்தியர் அதன் கழுத்தை மெல்லத் தடவினார். நாய் அலறியது.

"கழுத்துக்குள்ள நரம்பு நசிஞ்சிருக்கு. தலைய வைக்க ஏலாது, அதான் நித்திரை இல்ல. கன நாளா இருந்திருக்கும். தொட்டா கத்தியிருக்குமே, கவனிக்கல்லையா?"

அன்ஸார் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார்.

"நாங்க தொடுறல்ல, டொக்டர்."

வைத்தியர் பட்டியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இனி இது வேணாம். தூக்கித்தான் கொண்டு போகணும்."

அன்ஸார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தூக்குங்க," என்றேன். "வீட்டில தண்ணியும் இருக்கு, மண்ணும் இருக்கு."