ஆறாம் நம்பர் பூட்ஸ்

“அண்ணன் இருக்காருங்களா?”

“எந்த அண்ணன்?”

“பூட்ஸ் விக்கிற அண்ணன்.”

“அண்ணன் விக்கலை. நான்தான் விக்கிறேன். என் பூட்ஸ்.”

எதிர்முனையில் “லேடீஸ் போட்டதா?” என்று ஒரு முனகல். போன் கட்.

பொற்கொடி போனைக் கட்டிலில் வீசினாள். விளம்பரம் போட்ட நாளிலிருந்து இதே பாட்டுதான். ஓசூரில் ஒரு கம்பெனியில், அசெம்பிளி லைனில் ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள் அவள். போனைக் கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்து எடுத்தால், ஊரில் உள்ள அத்தனை பேரும் அண்ணனைத் தேடியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்கு ரைடு. நாற்பது வயதுக்கு மேல் பைக் ஓட்டப் பழகி, கிளப்பில் சேர்ந்து, அவள் போகவிருக்கும் முதல் ரைடு. கிளப்பை நடத்தும் கௌதம் கறாராகச் சொல்லிவிட்டான்: “கணுக்கால் மூடுற பூட்ஸ் இல்லாம யாரையும் சேர்க்க மாட்டேன்க்கா. நீங்கன்னாலும்தான்.”

அதற்காகத்தான் ஒரு லீவு நாளில் காலையிலேயே பெங்களூர் போய் டூரிங் பூட்ஸ் வாங்கினாள். கடையில் கால் வெண்ணெய் மாதிரி உள்ளே போனது. இரண்டு நாள் கழித்து, ஷிப்ட் முடிந்த கையோடு மாட்டிக்கொண்டு கெலமங்கலம் வரை ஒரு ஓட்டம் விட்டாள். பாதி வழியில் பூட்ஸ் கடித்து உயிர் போனது. கழற்றி ஹாண்டில் பாரில் தொங்கவிட்டு, வெறுங்காலோடு திரும்பி வந்தாள். ரோட்டில் போட்டதைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்களாம். இதை விற்றால்தான் ஏழாம் நம்பர் வாங்க முடியும்.

மறுபடியும் போன். கன்னடம் கலந்த தமிழில் ஒருவர் கடைசி விலை கேட்டார்.

“மேடம், ஃபைனல் எஷ்டு?”

“அளவு ஆறுங்க. உங்களுக்குச் சரியா இருக்குமா?”

“நங்கே ஒம்பத்து.”

“ஒன்பதா? ஆறுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கேனே!”

“போட்டு ஓட்டினா லூஸ் ஆகல்வா மேடம்?”

“உங்க காலைத்தான் செதுக்கணும்” என்று சொல்லி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஊத்தங்கரையிலிருந்து தீர்த்தகிரி என்று ஒரு பையன் பஸ் ஏறியே வந்துவிட்டான். ஒல்லிக் குச்சி, கால் கச்சிதமாகப் போனது. பொற்கொடிக்கு மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து அவன் அம்மா போனில் வந்தாள். அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

“ஏம்மா, வண்டி வுழுந்துச்சா? அடிகிடி பட்டுச்சா?”

“அதெல்லாம் இல்லம்மா. ஒரே தடவை போட்டது. எனக்குக் கடிக்குது, அதான்.”

“உன்னக் கடிச்சத எம்புள்ள தலையில கட்டறியா? டேய், கழட்டி வச்சிட்டு வாடா. அடுத்தவங்க கால்ல கெடந்தத வாங்கினா அவங்க சனியும் கூடவே வரும்.”

பையன் மன்னிப்புக் கேட்பது போலச் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

“சனி எங்கயும் போகாது. இந்த வீட்டுலதான் சம்மணம் போட்டு உக்காந்திருக்கு” என்றாள் பொற்கொடி.

தரையில் சம்மணமிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கணவர் மோகன்குமார் நிமிர்ந்தார். “என்னையா சொல்ற?”

“பொதுவாச் சொன்னேங்க.”

சனிக்கிழமை சாயங்காலம் கடைசி நம்பிக்கையாக மாதேஸ்வரி வந்தாள். வேறொரு கம்பெனியில் வேலை. கழுத்தில் ஐடி கார்டு, காலில் அன்றைக்கு நின்ற களைப்பு. வாசற்படியில் உட்கார்ந்து இழுத்தாள். எழுந்து நின்று மிதித்தாள். மோகன்குமார் பவுடர் டப்பா கொண்டுவந்து கொடுத்தார். குதிகால் இறங்க மறுத்தது.

“விட்டுரும்மா, ஜிப்பு போயிரும்” என்றாள் பொற்கொடி. “ஏழு போடுறவ ஆறை ஏன் கேட்ட?”

“நான் ஆறுதாங்க்கா. இது ஷிப்ட் முடிஞ்ச காலு. இட்லி மாவாட்டம் பொங்கிக் கெடக்குது. நாளைக்கு லீவு. தூங்கி எழுந்த காலோட வர்றன், போவும் பாருங்க.”

“திங்கக்கிழமை மறுபடி பொங்குமே?”

“திங்கக்கிழமை இதப் போட்டுக்கினு வேலைக்கா போவப் போறன்? லீவுக்குத்தான வண்டிய எடுப்பன்.”

“சரி, காலையில வா. உனக்கே தரேன்.”

சலிப்பில் சொன்ன வார்த்தை. இனி விற்றும் என்ன, விடிந்தால் ரைடு. கடை எப்போது திறப்பது, ஏழாம் நம்பர் எப்போது வாங்குவது?

ஞாயிறு விடியும் முன்பே விழிப்பு வந்துவிட்டது. மற்றவர்கள் இந்நேரம் ஜாக்கெட் மாட்டிக்கொண்டிருப்பார்கள் என்ற எரிச்சலோடு, மாதேஸ்வரி வருவதற்குள் பூட்ஸைத் துடைத்து வைக்கலாம் என்று எடுத்தாள். துடைத்தவள், கடைசியாக ஒரு தடவை என்று காலை நுழைத்தாள்.

போனது. சாக்ஸோடு போட்டுப் பார்த்தாள். அப்போதும் போனது. ஜிப் மறுப்பேதும் சொல்லாமல் ஏறியது. சமையலறை வரை நடந்து திரும்பினாள்.

“விடியக்காலம் என்ன டக்கு டக்குன்னு?” மோகன்குமார் போர்வைக்குள்ளிருந்து கேட்டார்.

“என்னங்க, நான் ஒரு லூசு! வாங்கினது லீவு நாள் கால். போட்டுப் பார்த்தது ஷிப்ட் கால். ஊரெல்லாம் வித்துக்கிட்டு அலைஞ்சிருக்கேன்!”

கௌதமைக் கூப்பிட்டாள். “தம்பி, பூட்ஸ் இருக்கு. வரேன்.”

“டீக்கடையில நிக்கிறோம்க்கா. கிளாஸ் காலியாகிற வரைக்கும்தான்.”

மாதேஸ்வரியைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டியை வெளியே தள்ளும்போது, தெருமுனையிலிருந்து அவளே நடந்து வந்தாள்.

“அக்கா, காலு வத்திப்போயி வந்திருக்கன் பாருங்க.” பார்வை கீழே இறங்கியது. “இன்னாக்கா இது? அது என் பூட்ஸு!”

“எனக்கே சரியாப் போயிருச்சும்மா. நீ நேத்து சொன்னது காலையிலதான் மண்டையில ஏறுச்சு.”

“நான் சொன்னத வச்சி எனக்கே நாமமா? உனக்கே தரேன்னீங்களே. தருவீங்களா மாட்டீங்களா?”

பொற்கொடி தலையைக் குனிந்தாள். ஆனாலும் வாய் தெளிவாகத்தான் சொன்னது. “மாட்டேன். சொன்ன சொல்லு தப்பிட்டேன். என்ன திட்டணுமோ திட்டு. ஆனா தர மாட்டேன்.”

மாதேஸ்வரி திட்டினாள். பால் பாக்கெட் வாங்கப் போனவர்கள் நின்று கேட்கிற அளவுக்குத் திட்டினாள். மூச்சு வாங்க நிறுத்தி, “எந்தக் கடைக்கா அது?” என்றாள்.

“அவருக்குத் தெரியும், சொல்லுவாரு. இன்னைக்குக் காலையிலயே போய் வாங்கு. அடுத்த ரைடுக்கு உன்னையும் சேர்க்கச் சொல்றேன்.”

“சேத்துதான் ஆவணும். சும்மா வுட மாட்டன். கட தெறக்கறதுக்குள்ள காபி கீபி குடுப்பாங்களா உங்க ஊட்ல?”

“குடுப்பாரு.”

ஹெல்மெட்டை மாட்டி வண்டியைக் கிளப்பியபோது, வாசலில் அவள் விட்டுவந்த போன் அடித்தது. மோகன்குமார் எடுத்தார்.

“அண்ணன் இருக்காருங்களா?”

“அண்ணன் இருக்கேம்ப்பா, காபி போட்டுக்கிட்டு. பூட்ஸ்தான் ஏலகிரிக்குப் போயிருச்சு.”